வன்னித் தண்ணீரும் உப்புநீர்க் குளோரின் இயந்திரங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் விருந்தினர் விடுதிகளிலும் விளையாட்டுப் பயிற்சி இடங்களிலும் அமைந்துவரும் நீச்சல் தடாகங்களிற் சில, குளோரின் தூளை அளந்து கொட்டும் பழைய முறையை விட்டு, கரைத்த உப்பிலிருந்து குளோரினைத் தானே உண்டாக்கும் இயந்திரங்களுக்கு மாறியிருக்கின்றன. மாற்றம் நல்லதே. ஆனால் பொருத்திய சில காலத்திலேயே இயந்திரம் வேலை செய்யவில்லை என்று தடாகத்தைப் பூட்டிவைப்பதும், செல் என்று நாங்கள் சொல்லும் மின்பகுப்புக் கலம் செத்துவிட்டது என்று கூறி இலட்சக்கணக்கில் புதியதொன்றை வாங்கச் சொல்வதும் வழக்கமாகி வருவதைக் காண்கிறேன். இத்தடாகங்களைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: செத்துவிட்டதாகக் கழற்றி என் கைக்கு வந்த கலங்களிற் பெரும்பாலானவை உயிரோடுதான் இருந்தன. நம் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு அவற்றின் தகடுகளை மூடியிருந்தது, அவ்வளவே. குளங்களும் வாய்க்கால்களும் கடலும் சூழ்ந்த இம்மாவட்டங்களில் பிள்ளைகள் பாதுகாப்பாக நீந்தப் பழகுவதற்கு இருக்கும் தடாகங்கள் மிகச் சில. அவையும் தீர்க்கக்கூடிய ஒரு காரணத்துக்காக மூடிக்கிடப்பது பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இவ்வியந்திரம் செய்யும் வேலை நம் மண்ணுக்குப் புதியதன்று. ஆனையிறவு உப்பைக் கரைத்து, அதில் மின்சாரத்தைச் செலுத்தி, எரிசோடாவையும் குளோரினையும் பிரித்தெடுத்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை இங்குள்ள மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். போரினால் அது 1980களில் ஓய்ந்துபோயிற்று. அங்கே பெரிய அளவில் நடந்த அதே மின்பகுப்புத்தான் இன்று தடாகத்தின் பம்பி அறையில் ஒரு முழ நீளக் குழாய்க்குள் நடக்கிறது. வேறுபாடு என்னவென்றால், தொழிற்சாலையில் குளோரினும் எரிசோடாவும் தனித்தனியே பிரிக்கப்பட்டன. தடாகக் கலத்திலோ இரண்டும் பிறந்த இடத்திலேயே கலந்து, துணி வெளுக்கும் திரவத்தில் உள்ள அதே சோடியம் ஐப்போகுளோரைற்றாக மாறி நீரோடு போகின்றன. கிருமியைக் கொன்று முடித்த குளோரின் மீண்டும் உப்பாகிவிடுவதால் தடாகத்தில் உப்புத் தீர்ந்துபோவதில்லை. தெறித்தும் வழிந்தும் வெளியேறும் நீரோடும், வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவும்போது போகும் நீரோடும் மட்டுமே அது குறைகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பராமரிப்பில் நேரும் குழப்பங்களிற் பாதி தீர்ந்துவிடும்.

கலத்தினுள் இருப்பவை டைட்டேனியத் தகடுகள். அவற்றின் மேல் உருத்தேனியம், இரிடியம் ஆகிய உலோகங்களின் ஒட்சைட்டுகள் மிக மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். கலத்தின் விலை முழுவதும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. மின்னோட்டம் பாயும்போது எதிர்த் தகட்டை ஒட்டிய நீர் கடுங்காரமாகிறது. அந்தக் காரத்தில், நீரிலே கரைந்துள்ள கல்சியம் காபனேற்றாகத் திரண்டு தகட்டிலே ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படைதான் இதுவும். பல இயந்திரங்கள் சில மணிநேரத்துக்கு ஒருமுறை தகடுகளின் மின்முனைகளை மாற்றி இந்தப் படையை உதிர்க்க முயல்கின்றன. நீர் மென்மையாக இருக்கும் இடங்களுக்கு அது போதும். வன்னிக்குப் போதாது.

முழங்காவில், முருங்கன் முதலான மேற்குப் பகுதிகளில் நிலத்தடியில் இருப்பதே சுண்ணாம்புக் கற்பாறை. கிழக்கேயும் தெற்கேயும் பாறை வேறாயினும் அங்கும் கடின நீருள்ள கிணறுகள் ஏராளம். தடாகத்துக்கு ஏற்ற கல்சியக் கடினத்தன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பின் அளவு, லீற்றருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை என்பது பொது விதி. நிரப்பும் நாளிலேயே மேல் எல்லையில் நிற்கும் கிணற்று நீர் கோடையில் என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 25 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் சராசரி 1.4 மீற்றர் ஆழமும் கொண்ட தடாகம் 350 கனமீற்றர், அதாவது மூன்றரை இலட்சம் லீற்றர் நீரைக் கொள்ளும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகிறது என்று வைத்தால், 1,250 லீற்றரை நாள்தோறும் கிணற்றிலிருந்து விட வேண்டியிருக்கும். ஆவியாகிப் போவது வெறும் நீர்; சுண்ணாம்பு தடாகத்திலேயே தங்கிவிடும். விடும் நீரின் கடினத்தன்மை 400 ஆயின் நாளுக்கு அரைக் கிலோ சுண்ணாம்பு தடாகத்துக்குள் சேரும். நூறு நாளில் அது 50 கிலோ. தடாக நீரின் கடினத்தன்மை ஏறத்தாழ 140 மில்லிகிராமால் உயர்ந்திருக்கும். புரட்டாதி பிறக்கும்போது கலம் அடைபட்டு நிற்பதில் வியப்பென்ன?

கடினத்தன்மையைக் குறைக்க எளிய இரசாயனம் எதுவும் இல்லை. மென்மையான நீரைச் சேர்ப்பதே வழி. நமக்கு அந்த நீர் மாரியில் கூரையிலிருந்தே கிடைக்கிறது. தடாகம் அமைக்கும் நிறுவனங்கள் உடைமாற்றும் கட்டடத்தின் கூரை நீரையாவது ஒரு தொட்டியிற் சேர்த்துக் கோடையில் விடும்படி அமைத்தால், கலத்தின் ஆயுள் கூடும், கிணறும் இளைப்பாறும். கடினத்தன்மையைக் குறைக்க முடியாத இடத்திலும் படிவைக் கட்டுப்படுத்த முடியும். சுண்ணாம்பு படிவதற்குக் கல்சியம் மட்டும் காரணமன்று, நீரின் அமில கார நிலையைக் காட்டும் பி.எச். பெறுமானம், அது எளிதில் மாறாமல் தாங்கும் காரத்தன்மை, வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைப் படியச் செய்கின்றன. வெப்பம் நம் கையில் இல்லை. பி.எச். பெறுமானத்தை 7.2 தொடக்கம் 7.4 வரையும், மொத்தக் காரத்தன்மையைப் பொதுவாகச் சொல்லப்படும் லீற்றருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை என்பதற்குப் பதிலாக 60 முதல் 80 வரையும் வைத்துக்கொண்டால், கடின நீரிலும் தகடுகள் நெடுநாள் துப்புரவாக இருக்கும். உப்புநீர்த் தடாகத்தில் பி.எச். பெறுமானம் எப்போதும் மேல்நோக்கியே நகரும். கலத்தில் உண்டாகும் ஐதரசன் குமிழ்கள் நீரிலுள்ள காபனீரொட்சைட்டை வெளியேற்றுவது அதற்கு ஒரு முக்கிய காரணம். ஆகவே, சிறிது சிறிதாக அமிலம் சேர்ப்பது இத்தடாகங்களில் வாராந்த வேலை. இயந்திரம் வந்துவிட்டதால் இனி இரசாயனமே தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்வது உண்மையன்று. பி.எச். பெறுமானம் 8 ஆகிவிட்டால், நீரிலுள்ள குளோரினில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மட்டுமே கிருமியைக் கொல்லும் வலுவான வடிவில் இருக்கும். இயந்திரம் இரவு பகலாக ஓடினாலும் நீர் பச்சை பிடிக்கும்.

அடுத்து, மிகுந்த பணத்தையும் நீரையும் வீணாக்கும் தவறொன்றைச் சொல்ல வேண்டும். இயந்திரத்தின் முகப்பில் உப்புக் குறைவு என்ற விளக்கு எரிந்தவுடன் காவலாளியை அனுப்பி இரண்டு மூடை உப்பைக் கொட்டச் செய்கிறார்கள். பெரும்பாலான இயந்திரங்கள் உப்பை நேரே அளப்பதில்லை. நீரினூடு எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்பதைப் பார்த்து உப்பின் அளவை ஊகிக்கின்றன. தகட்டிலே சுண்ணாம்பு படிந்தாலும், பூச்சுத் தேய்ந்தாலும், இணைப்பு முனை துருப்பிடித்தாலும் மின்னோட்டம் குறையும். விளக்கோ உப்புக் குறைவு என்றே எரியும். அதை நம்பி உப்பைக் கொட்டிக்கொண்டே போனால், கலத்தைக் கழுவிய அன்று உப்பு மிகை என்ற விளக்கு எரிந்து இயந்திரம் தானே நின்றுவிடும். உப்பைக் கூட்டுவது எளிது. குறைப்பதற்கு நீரை வெளியேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே சொன்ன தடாகத்தில் லீற்றருக்கு 4,500 மில்லிகிராம் ஆகிவிட்ட உப்பை 3,200க்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு இலட்சம் லீற்றர் நீரை வெளியேற்றிப் புது நீர் விட வேண்டும். கோடைக் கிணற்றுக்கு அது எத்தகைய சுமை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனவே விளக்கு எரிந்தால் முதலில் செய்ய வேண்டியது, இயந்திரத்தைச் சாராத சோதனைத் தாளாலோ கையடக்க அளவியாலோ உப்பை அளப்பது. பல இயந்திரங்கள் லீற்றருக்கு 2,700 முதல் 3,400 மில்லிகிராம் வரை கேட்கும். சில 4,000க்கு மேலும் கேட்கும். அந்தந்தக் கைந்நூலையே பார்க்க வேண்டும். உண்மையிலேயே குறைவாயின் கணக்கு எளிது: ஒரு கனமீற்றர் நீருக்கு ஒரு கிலோ உப்பு 1,000 மில்லிகிராமை உயர்த்தும். 350 கனமீற்றர் தடாகத்தில் 500 உயர்த்த 175 கிலோ, அதாவது மூன்றரை மூடை. உப்பைப் போடும்போது கலத்தின் மின்சாரத்தை நிறுத்தி, பம்பியை மட்டும் ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டுக் கரைக்க வேண்டும். மாரியில் உப்புக் குறைவது இயல்பு. 100 மில்லிமீற்றர் மழை பெய்து அந்த அளவு நீர் வழிந்தோடினால், 3,200 ஆக இருந்தது 3,000க்குச் சற்றுக் கீழே வந்துவிடும். ஆனால் மழை இல்லாத ஆவணியில் உப்புக் குறைவு என்று விளக்கு எரிந்தால், எங்கும் கசிவும் இல்லையாயின், முதலில் சந்தேகப்பட வேண்டியது தகடுகளையே.

எந்த உப்பு என்பதும் முக்கியம். அயடீன் கலந்த சமையல் உப்பும், கட்டிபடாமல் இருக்கக் கூட்டுப்பொருள் சேர்த்த உப்பும் தடாகத்துக்கு ஆகா. அவற்றால் கறை ஏற்படலாம். உப்பளத்திலிருந்து நேரே வரும் கழுவாத உப்பில் கல்சியமும் மகனீசியமும் கலந்திருக்கும். ஏற்கெனவே சுண்ணாம்பால் அவதிப்படும் நீரில் அதைக் கொட்டுவது பகையை விருந்துக்கு அழைப்பதாகும். ஆனையிறவிலும் மன்னாரிலும் விளையும் உப்பையே வாங்க வேண்டும் என்பதில் எனக்கும் விருப்பம் உண்டு. ஆனால் அது கழுவி உலர்த்தி, 99 வீதத்துக்கு மேல் தூய்மை உடையதாக இருக்க வேண்டும். அத்தகைய உப்பைத் தனியாகப் பொதிசெய்து விற்க நம் உப்பளங்கள் முன்வந்தால் அதற்குச் சந்தை இருக்கிறது.

படிந்த கலத்தைக் கழுவும் முறையிலும் பல கலங்கள் கொல்லப்படுகின்றன. கத்தியாலும் கம்பியாலும் உப்புத்தாளாலும் தகட்டைச் சுரண்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்போடு பூச்சும் போய்விடும். பூச்சுப் போன தகடு வெறும் தகரம் போன்றதே. முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, கலத்தைக் கழற்றி, நீரைப் பீச்சி அடித்துப் பார்க்க வேண்டும். உதிரும் படை அதிலேயே போய்விடும். போகாவிட்டால் மட்டும் அமிலம். கடைகளில் கிடைக்கும் ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒரு பங்கைப் பத்துப் பங்கு நீரில் கலந்து, அதில் தகடுகளை நனையவிட வேண்டும். நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. நுரைத்துப் பொங்குவது சில நிமிடங்களில் அடங்கும். கால் மணிநேரத்துக்கு மேல் ஒருபோதும் ஊறவிடக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான வெளியிடத்தில் செய்ய வேண்டும். அந்த அமிலத்தைக் குளோரின் தூள் உள்ள அறைக்குள்ளோ வாளிக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் எழும் குளோரின் வாயு ஆளைக் கொல்லும். துப்புரவாயிருக்கும் கலத்தை நாட்காட்டி பார்த்து மாதந்தோறும் அமிலத்தில் ஊறவைப்பதும் தீங்கே. ஒவ்வொரு கழுவலும் பூச்சின் ஆயுளைச் சிறிது குறைக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தகடுகளுக்கிடையே பார்த்து, படை இருந்தால் மட்டும் கழுவ வேண்டும்.

இனி, இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று. கலத்தினூடு நீர் ஓடுகிறதா என்று பார்க்கும் சிறு ஆளி ஒன்று குழாயில் பொருத்தப்பட்டிருக்கும். நீர் நின்றால் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். அடிக்கடி இயந்திரம் நிற்கிறது என்று முறையிட்டால், பழுதுபார்க்க வருபவர் சிலர் அந்த ஆளியின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். உரிமையாளருக்கும் மகிழ்ச்சி, இயந்திரம் இனி நிற்காது. ஆனால் நீர் ஓடாத கலத்தில் மின்னோட்டம் தொடர்ந்தால் ஐதரசனும் குளோரினும் மூடிய குழாய்க்குள் நிறைந்துகொண்டே போகும். ஒரு சிறு பொறி போதும், குழாய் வெடித்துச் சிதறும். பம்பி அறையில் நிற்பவன் பெரும்பாலும் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் ஓர் இளைஞன். அவனுக்கு இந்த அபாயத்தை ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த ஆளியைத் துண்டித்து வைத்திருக்கும் எந்தத் தடாகமும், அது சீர்செய்யப்படும்வரை இயக்கப்படக் கூடாது. நீர் ஓடவில்லை என்று இயந்திரம் சொன்னால் அதை நம்ப வேண்டும்: தடாக ஓரத்துக் கூடையிலும் பம்பியின் கூடையிலும் இலை அடைத்திருக்கிறதா, நீர்மட்டம் இறங்கிப் பம்பி காற்றை உறிஞ்சுகிறதா, மணல் வடிகட்டியின் அழுத்தமானி கழுவிய நாளில் இருந்ததைவிடச் சதுர அங்குலத்துக்கு 8 அல்லது 10 இறாத்தல் கூடிவிட்டதா என்று வரிசையாகப் பார்த்தால் காரணம் அகப்படும். இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ஆளியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் நாக்கிலும் சுண்ணாம்புதான் படிந்திருக்கக்கூடும்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். கூரையில்லாத தடாகத்தில் வன்னி வெயில் குளோரினை மிக விரைவாக அழித்துவிடும். குளோரினை வெயிலிலிருந்து காக்கச் சேர்க்கும் சயனூரிக் அமிலம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவில் இருந்தால் அழிவு பெரிதும் மட்டுப்படும். 100ஐத் தாண்டினால் குளோரினின் வேகமே மந்தமாகிவிடும். மாலையில் கலத்தை நிறுத்திவிட்டுக் குளோரினை அளந்து, விடியற்காலையில் வெயில் விழுமுன் மீண்டும் அளந்தால், இரவில் குளோரின் எவ்வளவு குறைந்தது என்பதே நீரில் பாசி இருக்கிறதா என்பதைச் சொல்லிவிடும். பகலில் மட்டும் குறைந்தால் பிழை வெயிலினது, இயந்திரத்தினது அன்று. பச்சை பிடித்துவிட்ட நீரைக் கலத்தால் மட்டும் மீட்க முயல்வது வீண். அதன் வேகம் போதாது. திரவக் குளோரினை ஊற்றி நீரைத் தெளியவைத்த பின்னரே கலத்திடம் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். கிணறுகளுக்குப் போடும் குளோரின் தூளில் கல்சியம் இருப்பதால் இவ்வேலைக்குத் திரவமே மேல்.

உப்பும் சரி, தகடும் துப்புரவு, இணைப்பு முனைகளும் சீர், மின்னழுத்தமும் குறையவில்லை, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் எறும்போ பல்லியோ புகுந்து சுற்றைக் கெடுக்கவும் இல்லை, அப்படியிருந்தும் மின்னோட்டம் ஏறவில்லை என்றால், அப்போதுதான் கலம் தேய்ந்துவிட்டது என்று முடிவுசெய்யலாம். 10,000 மணிநேரம் உழைக்கும் கலம், நாளுக்கு 8 மணிநேரம் ஓடினால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாங்க வேண்டும். ஓராண்டுக்குள் கலத்தை மாற்றச் சொல்பவரிடம் மேற்சொன்ன சோதனைகளின் அளவுகளை எழுத்தில் கேளுங்கள்.

தடாகத்தைச் சுற்றியுள்ள அயலவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வடிகட்டியைக் கழுவிய நீரையும், மாரிக்கு முன் இறக்கும் நீரையும் வேலிக்கு வெளியே வாய்க்காலில் விடுகிறார்கள். லீற்றருக்கு 3,000 மில்லிகிராம் உப்புள்ள அந்த நீர், நெற்பயிருக்குப் பாதிப்பின்றிப் பாய்ச்சக்கூடிய உப்பளவின் இருமடங்குக்கு மேற்பட்டது. குடிநீரில் குளோரைட்டு 250 மில்லிகிராமைத் தாண்டினாலே உப்புச்சுவை தெரியத் தொடங்கும். இந்நீரில் அதைப்போல ஏழு மடங்கு உண்டு. நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றை உவராக்கிவிட்டால் அதை மீட்பது எவ்வளவு கடினம் என்பதை வன்னி மக்களுக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கழிவுநீர் எங்கே போகும் என்பதைப் பிரதேச சபைகள் அனுமதி வழங்கும்போதே கேட்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தடாக நீரின் குளோரினைப் பார்ப்பதோடு நில்லாமல், கழிவு வெளியேறும் வழியையும் பார்க்க வேண்டும்.

விற்பனை நிறுவனங்களிடமும் வாங்கும் நிறுவனங்களிடமும் நான் கேட்பவை நிறைவேற்றக் கடினமானவை அல்ல. இயந்திரத்தோடு வரும் கைந்நூல்கள் குளிர்நாட்டுக்காரருக்கு எழுதப்பட்டவை. நீர் உறைவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லும் அவை, சுண்ணாம்பைப் பற்றி ஒரு பந்தியோடு நின்றுவிடுகின்றன. இயக்குபவருக்கு விளங்கும் தமிழில் சில பக்கக் குறிப்பையும், குளோரின், பி.எச்., காரத்தன்மை, கடினத்தன்மை, உப்பு ஆகியவற்றை அளக்கும் பெட்டியையும் இயந்திரத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். பம்பி அறையில் ஒரு கொப்பியும் பேனையும் இருக்க வேண்டும்; நாளாந்த அளவுகள் எழுதப்பட்ட கொப்பி இருந்தால், பழுது எங்கே தொடங்கியது என்பதை எவரும் கண்டுபிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, தடாகம் வெட்டும் இடத்துக் கிணற்று நீரின் கடினத்தன்மையை ஆய்வுகூடத்தில் அளந்து, அந்த அறிக்கையை விலைமனுவோடு இணைக்கும்படி வட மாகாணத்தின் அரச திணைக்களங்களும் உள்ளூராட்சிச் சபைகளும் இந்த ஆண்டிலிருந்தே நிபந்தனை விதிக்க வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நீச்சல் தடாகப் பராமரிப்பாளர் ஒருவர்,
கிளிநொச்சி.